அம்மாவின் குரலைத் திருத்திய வாரம்

நான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்து படிவம் ஒன்றில் படித்த ஆண்டு, ஆடி மாதத்தில் நடந்தது இது. இரண்டாம் வெள்ளிக்கு முந்தைய வாரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. அந்த வாரம் அப்பாவுக்குப் பகல் ஷிப்டு. இந்தச் சம்பவத்திலோ அவர் பட்டப்பகலில் சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே மூன்றாம் வெள்ளிக்கு முந்தைய வாரம் என்பதே சரி.

அப்போது கிள்ளானில், கமூட்டர் என்ற புறநகர் ரயிலின் பாதையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். அம்மா காப்பார் சாலையில் இருந்த கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அடுப்படியில் பாடுவார். அம்மன் மேல் ஒரு பாட்டு. சம்பல் கிண்டியபடியே ஒவ்வோர் அடியாக அவரே கட்டியது. அதை வெளியார் யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருந்த கோயிலில் ஓர் அறிவிப்பு செய்தார்கள். வழக்கமாகப் போடும் பாடல்களோடு தாமான்காரர்கள் பாடியதையும் மூன்றாம் வெள்ளியன்று ஒலிபெருக்கியில் போடுவார்களாம். வியாழனுக்குள் பென் டிரைவில் கொடுத்துவிட வேண்டுமாம்.  அம்மா வீடு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சின்ன மாமாவுக்குப் போன் போட்டார்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு செய்வதை இணையக் காணொளிகள் பார்த்துக் கற்றவர். கற்றதைவிட அதிகம் கற்றதாக நம்பியவர். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடும் ஒரு மைக்கோடும் வந்து இறங்கினார். எதிரொலி வராமல் இருக்க, படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்து, தொங்கிய சேலைகளைப் பார்த்தபடி அம்மாவை நிற்க வைத்தார். விசிறியின் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார். அம்மா வேர்த்து ஊற்றப் பாடி முடித்தார். நடுவில் ரயில் ஒன்று போனது.

பதிவை ஹெட்போனில் கேட்ட அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இது யாரு, மூக்கால பாடுறது? ரொம்ப தேரோக் லா, மோசமா இருக்கு. இத குடுக்க வேணாம்."

முதல் தடவை தன் குரலைக் கேட்கும் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பாடும்போது நாம் நம் குரலை மண்டைக்குள்ளிருந்து கேட்கிறோம், மற்றவர்களுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும் என்று மாமா எடுத்துச் சொன்னார். அப்படியென்றால் மற்றவர்கள் கேட்கவே வேண்டாம் என்பது அம்மாவின் முடிவு. மாமாவுக்குப் பூச்சோங்கில் அடுத்தடுத்து விருந்துகள் இருந்தன. வியாழன் காலை வருவதாகவும், அதுவரை ஈக்குவலைசரை வைத்து நான் ஏதாவது சரிசெய்து பார்க்கலாம் என்றும் சொல்லி, கணினியை விட்டுவிட்டுப் போனார்.

ஈக்குவலைசர் என்பது திரையில் ஒரு நேர்கோடு. இடப்பக்கம் கனத்த ஒலிகள், வலப்பக்கம் மெல்லிய ஒலிகள். கோட்டை எந்த இடத்தில் மேலே இழுக்கிறோமோ அந்த ஒலி கூடும். கீழே இழுத்தால் குறையும். எனக்கு மதியப் பள்ளி என்பதால் காலைகள் எல்லாம் என்னுடையவை. திங்களன்று இடது ஓரத்தை அப்படியே கீழே இறக்கினேன். ரயில் மறைந்துவிட்டது. அம்மா பாடிக்கொண்டிருந்தார், பின்னால் ஓடிய ரயிலைக் காணவில்லை. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டை அதிரவைத்த ஒன்றை ஒரு விரலால் நிறுத்திவிட்டேன் என்றால், அதற்குப் பிறகு என்னை யார் பிடிக்க முடியும்?

செவ்வாயன்று ஒரு காணொளியில் அடுத்த வித்தையைக் கற்றேன். கோட்டில் ஒரு புள்ளியை உயரத் தூக்கி, மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எங்கே காதைக் குத்துகிறதோ அங்கே பள்ளம் வெட்ட வேண்டும். மூக்கொலி கிடைத்தது, வெட்டினேன். பக்கத்திலேயே ஒரு கரகரப்பு, அதையும் வெட்டினேன். அப்படித் தூக்கிப் பார்த்தால் எந்த ஒலியும் காதைக் குத்தத்தான் செய்யும் என்பதைக் காணொளிக்காரர் சொல்லவில்லை, அல்லது அதற்குள் நான் நிறுத்திவிட்டேன். புதன் மாலைக்குள் கோடு பல் உடைந்த சீப்பு போல இருந்தது.

அம்மாவைக் கேட்க வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. மூக்கு போய்விட்டதே என்றார். அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று சொல்லும்போது வருமே, அந்தக் குரலில் சொன்னார்.

வியாழன் காலை வந்த மாமா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனுல முள்ளு எடுக்கச் சொன்னா, மீனையே காணோமே பாப்பா."

"உனக்குப் பொறாமைடா," என்றார் அம்மா. "இதுதான் நல்லாருக்கு. இதையே குடு."

"அக்கா, இது உன் குரலே இல்ல."

"அதுக்குத்தானே சரிபண்ணச் சொன்னேன்."

 கடைசியாக ஒருமுறை சத்தமாகப் போட்டுக் கேட்கலாம் என்று மாமா ஸ்பீக்கரை இணைத்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா சோபாவில் தூங்கினார். இரண்டு வயது நிரம்பாத தம்பி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தரையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் திருத்திய பாட்டு ஓடியது. தம்பி மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

பாட்டின் நடுவில் மாமா ஈக்குவலைசரை அணைத்தார். ரயிலும் மூக்கும் கரகரப்பும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

தம்பியின் தலை நிமிர்ந்தது. ஸ்பீக்கரை அவன் பார்க்கவில்லை. எழுந்து, மூடிகளை மிதித்துக்கொண்டு, தள்ளாடி அடுப்படிக்கு ஓடினான். "மா, மா" என்று அங்கே கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் இல்லாததால் குழம்பிப்போய் வாசலில் வந்து நின்றான். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"சமையல் ஆச்சா?"

மாமா சிரிக்கத் தொடங்கினார். அம்மா சிரிக்கவில்லை. தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ரயில மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

மூன்று நாள் உழைப்பை ஒவ்வொரு பள்ளமாக நிரப்பினேன். ரயிலுக்கான சரிவை மட்டும் விட்டுவைத்தேன். மூக்கொலி இருந்த இடத்தில், யாருக்கும் தெரியாத அளவுக்கு ஒரு சின்ன இறக்கம். மாமா அதைக் கண்டும் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பள்ளிக்குப் போகும் வழியில் நானே பென் டிரைவைக் கோயிலில் கொடுத்தேன்.

வெள்ளி மாலை அன்னதானத்துக்காகப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் பாட்டு வந்தது. கோயிலில் இருந்தது கம்பத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கி. அதற்குக் கனத்த ஒலியே வராது. மூக்கொலி மட்டும் தாராளமாக வரும். என் சின்ன இறக்கத்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. எதிரில் இருந்த ஆன்டி கத்தியை நிறுத்திவிட்டு, "இது நீதானே?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இன்னும் வேகமாக நறுக்கினார். உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. மூன்றாவது அடியில் மட்டும் அவர் முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் வந்ததிலிருந்து விலகிப் போனது.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "அடுத்த தடவ அந்த எடத்துல கொஞ்சம் எறக்கிப் பாடணும்," என்றார்.

என் வேலையில்தான் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோயில் ஒலிபெருக்கி அப்படி என்றால் நான் என்ன செய்வது, அடுத்த முறை அதற்குத் தகுந்த மாதிரி சரிசெய்கிறேன் என்று ரோஷத்தோடு சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு பிடி பயற்றங்காயைத் திணித்தார். அடுத்த தடவை என்ற வார்த்தையை அதுவரை என் பரீட்சைகளுக்காகவும் அப்பாவின் பதவி உயர்வுக்காகவும் மட்டுமே அவர் சொல்லியிருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.