வெட்டலாமா?

என் அக்கா புருஷன் தையற்காரர். அவர் ஒரு சட்டைத் துணியை வெட்டுவதற்குள் பார்க்கிறவருக்குத் தூக்கம் வந்துவிடும். சாக்கட்டியால் கோடு போடுவார், துணியைத் தடவுவார், துணிக்குச் சொந்தக்காரரை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "வெட்டலாமா?" என்பார். "வெட்டுங்க" என்று காதில் விழாமல் கத்திரி அசையாது. ஒருமுறை ஒரு பெண் ஓரம் அடிக்கக் கொடுத்த பழைய பட்டுத்துணியைக் கேட்காமலே வெட்டிவிட்டாராம். அது செத்துப்போன அவள் அம்மாவுடையது. அவள் திட்டவில்லை, துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று பிடித்த பிடிவாதம் இது.

அவருக்கு மகன் பிறந்து நான்காம் நாள். ஆஸ்பத்திரி அறையில் திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. மத்தியான வெயில் தரையில் பால் சிந்தியதுபோலக் கிடந்தது. அக்காவும் பிள்ளையும் தூக்கம். மாமா கையில் ஒரு படிவம். பிள்ளைக்கு முன்தோலை நீக்க அவர் கையெழுத்துப் போடவேண்டும்.

"உடம்புக்கு அவசியம்னு இல்ல. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்று டாக்டர் நழுவிவிட்டார். "நீங்க மனசாரச் சொன்னா எனக்கு எதுவும் சம்மதம்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்காவும் தூங்கியிருந்தாள்.

மாமாவின் அப்பா வாசலிலேயே நின்றார். "நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் செஞ்சதுதானே? செய்யாம இவனை நான் தொடமாட்டேன்." நாலு நாளாகத் தொடவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா பேனாவைத் திறந்தார், மூடினார். தொட்டிலில் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாதா! பிள்ளை தூக்கத்தில் எதற்கோ சிரித்தது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்கிற ஆளா அவர்? படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சொந்தக்காரன் இன்னும் வாயைத் திறக்கலப்பா. பெரியவனாகிச் சொல்லட்டும், நானே கூட்டிட்டு வரேன்."

"உன்கிட்ட கேட்டுட்டாடா செஞ்சோம்?"

"இல்லப்பா."

மேலே ஃபேன் சுற்றியது. பெரியவரின் குரல் இறங்கியது. "அதுக்கு என்மேல கோபமா?"

"சேச்சே. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்விடுவார் என்றே நினைத்தேன், நாக்கு நுனியில் திட்டு தயாராக இருந்தது. அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கை கழுவினார். தொட்டிலுக்கு மேல் குனிந்து, அறையில் வேறு ஆளே இல்லாததுபோலக் கேட்டார்:

"தூக்கலாமாடா?"