கோயில் முற்றத்துக்கு ஒரு பில்

எங்கள் நகராட்சியில் நான் பில் கலெக்டர். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டுக்கும் வீடு வீடாக ஏறி இறங்குவது என் வேலை. மலை ஊரில் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. ஒரு தெருவை முடிப்பதற்குள் முழங்கால் இரண்டும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் இந்த வேலையால் ஒரு லாபம் உண்டு. ஊரில் எந்த வீட்டுக்குத் தகரக் கூரை, யார் வாசலில் மண், யார் வாசலில் சிமென்ட் என்பதெல்லாம் எனக்குப் பார்க்காமலே தெரியும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்குப் பயம்தான். ஊரின் தண்ணீர் முழுக்க மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் போய்ச் சேர வேண்டும். அங்கே போகிற கால்வாய்களோ, மேட்டில் நாலைந்து ஓட்டு வீடுகள் மட்டும் இருந்த காலத்தில் கட்டியவை. இப்போது அதே மேட்டில் லாட்ஜுகள், கல்யாண மண்டபம், கார்கள் நிறுத்தப் பெரிது பெரிதாகச் சிமென்ட் தளம். தேயிலைச் செடி நிற்கிற சரிவில் விழும் மழையைக் கொஞ்சமாவது மண் குடிக்கும். சிமென்ட்டில் விழுந்தது நேராக ஓடி வந்து மார்க்கெட்டில் முழங்கால் அளவுக்கு நிற்கும்.

வருஷா வருஷம் மழை விட்டதும் நிவாரண நிதி கேட்டு எழுதுவோம். வந்த பணம் மண் அள்ளவே சரியாகப் போகும். கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த பொறியாளர் அம்மாதான் மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் கால்வாயைப் பெரிதாக்கத் திட்டம் போட்டுக் கடன் கேட்டு அனுப்பினார். திருப்பிக் கட்டுவதற்கு உங்களிடம் நிலையான வருமானம் என்ன இருக்கிறது என்று கேட்டு ஃபைல் அப்படியே திரும்பி வந்தது.

அன்று அவர் அந்த ஃபைலோடு என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். எரிச்சலில்தான் நான் சொன்னேன்: "எஸ்டேட் லைன் வீட்டுக்காரங்க தகரக் கூரைக்கும் நம்மகிட்டக் கணக்கு இருக்குங்க மேடம். மேல இருக்கற சிமென்ட் தளத்துக்கு ஒண்ணுமில்லீங்க. பாதித் தண்ணி அங்கிருந்துதான் எறங்குது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதை அளக்க முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதத்தில் அவர் வரைவு எழுதிவிட்டார். தண்ணீர் உறிஞ்சாத தரை எவ்வளவோ அதற்கேற்ற வடிகால் கட்டணம். சின்ன வீடுகளுக்கு இல்லை. சிமென்ட்டைப் பெயர்த்தாலோ உறிஞ்சு குழி தோண்டினாலோ கட்டணம் குறையும். வருகிற பணம் தனிக் கணக்கில் இருக்கும், கால்வாயைத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது. முதலில் அளந்து நோட்டீஸ் கொடுப்பது, ஆட்சேபணைகளைக் கேட்டபின் நகர்மன்றம் முடிவு செய்வது என்று ஏற்பாடு.

டேப்பைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். மழைக்கே பில் போடுகிறார்கள் என்று ஊரே சிரித்தது. ஒரு லாட்ஜ்காரர், பனிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்றார். நான் அளவை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் என் வார்டிலேயே பெரிய சிமென்ட் முற்றம் லாட்ஜுடையதில்லை. நான் ஞானஸ்நானம் வாங்கிய, கல்யாணம் செய்துகொண்ட கோயிலுடையது. திருவிழாக் கூட்டம் சேற்றில் நிற்கிறதே என்று சில வருஷங்களுக்கு முன் பங்கு மக்கள் சேர்ந்து, மாதா சிலை நிற்கும் கெபியைச் சுற்றிப் போட்ட தளம். நானும் என்னால் ஆனதைக் கொடுத்திருந்தேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் வேறு தெருக்களை அளந்தேன். மூன்றாம் நாள் லாட்ஜ்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கோயிலை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்தால் அவர் சிரித்தது நியாயம் என்றாகிவிடும். போய் அளந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், காகிதம் என்றால் நுணுக்கிப் பார்ப்பவர்.

"ஏம்மா, நம்ம கோயிலையே லிஸ்ட்ல சேர்த்திருக்கே. கோயிலுக்கு வரி கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"வரி இல்லீங்க அண்ணா, இது கட்டணம். குடிதண்ணிக்கு நம்ம கோயில் கட்டறதில்லீங்களா, அது மாதிரிதான்" என்றேன். அடுத்த ஞாயிறு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர், வேண்டுமானால் லிஸ்டிலிருந்து கோயிலை எடுத்துவிடேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டதும் அழுகை நின்று, எடுக்க மாட்டேன் என்ற பிடிவாதம்தான் வந்தது.

பேரவைக் கூட்டத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். அன்று மத்தியானத்திலிருந்தே நல்ல மழை. ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். நம் முற்றத்துத் தண்ணீரால் யாருக்கு என்ன நஷ்டம் என்று செயலாளர் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு, ஒரு பத்து நிமிஷம் என்னோடு கீழே வாருங்கள் என்றேன். எங்கள் பங்குச் சாமியார் முதலில் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

கேட்டைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கினோம். தண்ணீர் எங்களை முந்திக்கொண்டு படிப்படியாகக் குதித்துப் போனது. படிகள் முடியும் இடத்தில், மார்க்கெட் மூலையில், ஒரு டீக்கடை. அதை நடத்துகிறவரும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று செயலாளர் அவரைக் கேட்டார். அவர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே பாதி எரிந்த மெழுகுவர்த்தித் துண்டுகள். "எங்கிருந்துன்னு கேக்கறீங்களே அண்ணா. மழை பேஞ்சா மாதா கெபி மெழுகுவர்த்தியெல்லாம் எங்கடைக்கு வந்துருமுங்க. மிதிபடக் கூடாதேன்னு பொறுக்கி வச்சிருக்கேன்" என்றார். குறை சொல்கிற குரலே இல்லை.

செயலாளர் டப்பாவை மூடி அலமாரியிலேயே திரும்ப வைத்தார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு இன்னொரு வாளியை எடுத்தார்.

ஆட்சேபணை கேட்கும் நாளில் மன்றக் கூடம் நிறைந்திருந்தது. மண்டபத்துக்காரரும் லாட்ஜ்காரர்களும் வரிசையாக எழுந்து எதிர்த்தார்கள். கவுன்சிலர்களில் பலர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது பின்வரிசையில் எங்கள் செயலாளர் எழுந்தார்.

"எங்க கோயிலுக்கு வந்த அளவு சரிங்க. நானே டேப் புடிச்சு மறுபடியும் அளந்து பார்த்தேன். நாங்க கட்டறோம். பாதி முற்றத்தைப் பெயர்த்துப் புல் போடவும் முடிவு பண்ணிட்டோம். கோயிலே கட்டும்போது மத்தவங்களுக்கு என்ன கஷ்டமுங்க?"

அவர் உட்கார்ந்த பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த கவுன்சிலர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. பொறியாளர் அம்மா மேசைக்கடியில் என் கையைப் பிடித்து நெரித்ததில் வளையல் ஒன்று உடைந்தது.

மேலிடத்து அனுமதி வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. கட்டணம் வசூலாக ஆரம்பித்ததும் அந்த ரசீதுகளையே ஆதாரமாக வைத்து மறுபடி கடன் கேட்டோம். இந்த முறை ஃபைல் திரும்பவில்லை, பணம் வந்தது. இதற்குள் மேட்டில் பலர் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மனுவோடு வந்தார்கள். போய்ப் பார்த்துச் சந்தோஷமாகக் குறைத்துக் கொடுத்தேன். கோடையில் கால்வாய் வேலை முடிந்தது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். நடுவட்டம் பக்கம் மரம் விழுந்து பஸ் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு இறங்கினேன். புதுக் கால்வாயில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு, பேசினால் காது கேட்காத இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. தெருவோ வெறுமனே நனைந்திருந்தது. கேரட் மூட்டைகள் தரையில் கிடந்தன, வெள்ளத்துக்குப் பயந்து யாரும் தூக்கி அடுக்கவில்லை. பொறியாளர் அம்மா எனக்கு முன்பே வந்து கால்வாய் ஓரத்தில் நின்று கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

டீக்கடை அடுப்பு எரிந்தது. உட்கார இடமில்லாத கூட்டம். இரண்டு டீயும் ஒரு தட்டு மொறுமொறு வர்க்கியும் கேட்டோம். கடைக்கார அம்மா காசு வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு, நின்றபடியே சூடாகக் குடித்தோம்.