தனக்கொடி வீட்டுக் கட்டாமை

மதாம் லெயோனி பிரான்சுக்குக் கப்பலேறப் போகிறாள் என்ற செய்தி தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் வீட்டு ஆமையை என்ன செய்வது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மதாம் என்று பேர்தானே தவிர, அவள் நம்மூர்த் தமிழச்சிதான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து, சைகோன் பார்த்துத் திரும்பி, பென்ஷன் வாங்கிச் செத்துப்போனவர். பிரெஞ்சுக்கொடி இறங்கிய மறு வருஷம், மார்செய்யில் இருந்த மகன் அவளைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். கட்டில், பீரோ, கண்ணாடிச் சாமான் எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். சமையற்கட்டு மாடிப்படிக்கு அடியில், இருட்டில் கிடந்த ஆமைக்கு யாரும் வரவில்லை. ஆமையை வீட்டுக்குள் வைத்தால் குடித்தனம் குலைந்துவிடும் என்று ஊருக்கே ஒரு பயம்.

வம்பாகீரப்பாளையத்துத் தனக்கொடி அந்த வீட்டுக்கு வெகுகாலமாக மீன் கொடுத்துக்கொண்டிருந்தவள். பேசத் தொடங்கினால் உப்பளம் வரை கேட்கும் என்பார்கள்; மனசோ அவ்வளவு மெது. கடைசி நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மதாம் ஆமையைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நீ கொண்டு போறியா தனக்கொடி? கெணத்துல போட்டுடலாம்னு வேலைக்காரன் சொல்றான். எனக்கு மனசு வரல."

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. வறண்ட காட்டில் திரிகிற கட்டாமை அது. பட்டாளத்துக் கேப்டனைச் சொல்வதுபோல மதாம் அதற்குக் கப்பித்தான் என்று பேர் வைத்திருந்தாள்.

"குடுங்க மதாமம்மா. என் வூட்டுல எங்க ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா?" என்று சொல்லி, மீன் தீர்ந்த கூடையில் ஒரு கோணியை விரித்து ஆமையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதும் இல்லை.

வீட்டுக்குள் கூடையை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வந்துவிட்டாள். அஞ்சலாட்சியின் புருஷன் ராஜாங்கமும் தனக்கொடியின் புருஷன் கலியபெருமாளும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள்.

"இன்னாக்கா இது? தெரிஞ்சேதான் கொண்டாந்தியா?"

"வாயில்லாத சீவன். உன்னை இன்னா கடிச்சிதா?"

கலியபெருமாள் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஆமையை ஒருமுறை பார்த்தான், வலை பின்னப் போய்விட்டான்.

கப்பித்தான் வந்த புதிதில் தனக்கொடி தான் தின்பதையெல்லாம் அதற்கும் வைத்தாள். சோறு வைத்தாள், மீனை ஆய்ந்தால் ஒரு துண்டு அதற்கும் போட்டாள். மதாம் வீட்டிலோ பாலில் ஊறிய ரொட்டிதான் சாப்பாடு. எதை வைத்தாலும் அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. நடக்கும்போது வயிறு தரையில் இழுபட்டது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஒருநாள் கழுவிவிடும்போது ஓட்டின் ஓரத்தை அமுக்கியவள் திடுக்கிட்டுப்போனாள். கல்லாக இருக்க வேண்டிய ஓடு, பழுக்கத் தொடங்கிய மாங்காய் மாதிரி அமுங்கியது.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தெய்வநாயகம் நடுவயசுக்காரர். வெளியே வண்டிமாடுகள் காத்துக்கொண்டிருக்க, மீன் கூடைக்குள்ளிருந்து ஆமை வெளிப்பட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"நான் ஆமைக்கு வைத்தியம் பார்த்ததில்லம்மா."

"நானும் ஆமை வளர்த்ததில்லங்க. நீங்கதான் பாக்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓட்டை அமுக்கிப் பார்த்தார். காலை நீட்டி மடக்கினார். வாயைத் திறந்தார். மேலலகு கிளி மூக்குப் போல நீண்டு வளைந்திருந்தது.

"இது இத்தனை நாளும் எங்க இருந்துச்சி?"

"படிக்கட்டுக்குக் கீழ. இருட்டுல."

"வெயிலே படாத குழந்தைங்களுக்குக் கால் எலும்பு வளைஞ்சிபோகும், பார்த்திருக்கியா? இதுவும் அதுமாதிரிதான் தெரியுது. எலும்பு கெட்டிப்பட வெயில் வேணும், சுண்ணாம்புச் சத்து வேணும். இது காட்டுல இன்னா திங்கும்? தழைதான். சோறும் பாலும் மீனும் இதுக்கு ஒத்துக்காது. நிறுத்து."

"சுண்ணாம்புச் சத்துன்னா… வெத்தலைச் சுண்ணாம்பா?"

"அய்யய்யோ, வாய் வெந்துடும். முட்டை ஓடு மாதிரி எதையாவது பொடிச்சிப் போடலாம்."

"கணவாய் ஓடு ஆவுமாங்க? கரையில ஒதுங்கிக் கெடக்குமே."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அட, அது நல்ல யோசனைதான். கூண்டுக் கிளிக்கே அதைக் கட்டித் தொங்க விடுவாங்க. நல்லாக் கழுவி உப்புப் போக்கிட்டு வை." பிறகு கண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கச் சொன்னார். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சட்டி பானையைத் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து தனக்கொடியின் காலை வேலையில் ஒன்று கூடிப்போயிற்று. கொல்லையில் ஓலைத் தடுப்பு வைத்து, இளவெயில் படுகிற மாதிரி ஓரிடமும், சூடேறினால் ஒதுங்க நிழலும் ஏற்படுத்தினாள். முருங்கைத் தழை, அருகம்புல், செம்பருத்திப் பூ, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மட்டை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். செம்பருத்தியைத்தான் முதலில் கடித்தது. கணவாய் ஓட்டைச் சில நாள் சீண்டவே இல்லை. பிறகு ஒரு காலையில் கரகரவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கப்பித்தான் கழுத்தை நீட்டி அதைக் கொறித்துக்கொண்டிருந்தது. கொறிக்கக் கொறிக்க வளைந்த அலகும் தேய்ந்து ஒழுங்குக்கு வந்தது.

ஓடு ஒரே நாளில் இறுகிவிடவில்லை. ஒரு மழைக்காலம் போய், வெயில் காலமும் போய், அடுத்த மழை வருவதற்குள்தான் அமுக்கினால் அமுங்காத கெட்டி வந்தது. பழைய மேடுபள்ளங்கள் அப்படியே நின்றுவிட்டன. ஆனால் வயிற்றைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நடந்தது. தனக்கொடி கூடையோடு உள்ளே வந்தால் அவள் கால் பக்கமாக நகர்ந்து வரும். "வந்துட்டீங்களா கப்பித்தான்?" என்பாள் அவள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கடல் கைவிட்டது. போன கட்டுமரங்கள் வெறுமனே திரும்பின. கலியபெருமாளும் ராஜாங்கமும் புதிதாகக் கட்டிய வலை பாறையில் மாட்டிக் கிழிந்தது. அப்போதுதான் ராஜாங்கம் மெல்ல ஆரம்பித்தான்.

"உன் வூட்டுல ஆமை இருக்கற வரைக்கும் நான் உன்கூட மரம் ஏறமாட்டேன் கலியபெருமாளு. கோவிச்சிக்காத. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

கலியபெருமாள் அதை வீட்டில் சொல்லவில்லை. தனியாளாகக் கட்டுமரம் தள்ள முடியாது; வேறு கூட்டாளியும் அந்த நேரத்தில் கிடைக்க மாட்டான். தனக்கொடி தன் தங்கை ரஞ்சிதத்தின் பிரசவத்துக்காகக் கடலூர் தேவனாம்பட்டினம் போயிருந்தாள். அவன் மீன் போடுகிற ஒரு பறியில் ஆமையை எடுத்துக்கொண்டு, ஊரைக் கடந்து வடக்கே கருவடிக்குப்பம் வரை நடந்தான். அங்கே கயிறு திரிக்கிற மஜீத் பாயின் கொட்டகைக்குப் பின்னால், புதரோரமாக அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

ஒரு வாரம் கழித்துத் தனக்கொடி வந்தாள். கொல்லையைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கய்யா?"

"காட்டு சீவன் காட்டுல இருக்கட்டும்னு…"

"அதுக்குக் காடு எப்பிடி இருக்கும்னே தெரியாதேய்யா. வூட்டுலயே கெடந்தது. கால தூக்கி நடக்கவே இப்பதான் பழகிச்சி." குரல் உயரவில்லை. அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் அன்றைக்கு அப்படித் தாழ்ந்து பேசியது அவனை என்னவோ செய்தது. ராஜாங்கம் சொன்னதை எல்லாம் அப்போதுதான் சொன்னான்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு, "எங்க விட்டேன்னு காட்டு" என்றாள். இருவரும் நடந்தார்கள்.

வழியெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புதரோரம் ஒன்றுமில்லை. இருவரும் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்து மஜீத் பாய் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

"ஆமையையா தேடறீங்க? உள்ள வாங்கம்மா. மழைத் தண்ணியில கவுந்து கெடந்துது. எடுத்தாந்து தேங்கா நாருல வச்சிருக்கேன். ஆனா மூச்சுதான் சரியில்ல."

நார்க் குவியலுக்குள் கப்பித்தான் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் நுரைக் குமிழி. தூக்கியபோது உள்ளே களகளவென்றது. கலியபெருமாள் அங்கேயே குந்திவிட்டான்.

"நான் கொன்னுட்டேன் போலருக்கே" என்றான்.

"எழுந்திரிய்யா. டாக்டர்கிட்ட போவலாம்" என்றாள் தனக்கொடி. மஜீத் பாய் ஒரு கோணி நிறைய உலர்ந்த நாரும் கொடுத்தனுப்பினார்.

தெய்வநாயகம் காதை ஓட்டின் மேல் வைத்துக் கேட்டார். "சளி கட்டியிருக்கு. கோழிக்குப் போடற அளவுல ஊசி போட்டுப் பார்க்கறேன். பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். ஈரம் கூடாது, குளிர் கூடாது. அதுக்குத் தன் உடம்பைத் தானா சூடாக்கிக்கத் தெரியாது. நீங்கதான் சூடு குடுக்கணும்."

சூடு கொடுத்தது கலியபெருமாள். செங்கல்லை அடுப்பில் வாட்டி, கோணியில் சுற்றி, கை வைத்துப் பார்த்து ஆமைக்குப் பக்கத்தில் வைப்பான். ஆறினால் அடுத்ததை மாற்றுவான். ஊசிக்கு அவனே தூக்கிக்கொண்டு நடப்பான். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். ராஜாங்கம் வாசலில் நின்று, "திரும்பியும் கொண்டாந்துட்டியா?" என்று கேட்டபோது, அவன் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஒரு வாரம் அது இங்க இல்ல. நாம ரெண்டு பேருந்தான் மரம் தள்ளிப் போனோம். மீனு வந்துச்சா?"

ராஜாங்கம் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லு. அது இருந்தப்பவும் வரல, இல்லாதப்பவும் வரல. கடலு நம்மளப் பாத்தே செய்யல, இதப் பாத்தா செய்யும்?"

அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. ராஜாங்கம் கொஞ்ச நாள் கரையோரம் வலை இழுக்கிறவர்களோடு போனான். பிறகு ஒரு விடியற்காலையில் எதுவும் நடக்காததுபோல வந்து, துடுப்பை எடுத்துத் தோளில் வைத்தான். கலியபெருமாள் கட்டுமரத்தின் மறுமுனையைப் பிடித்துத் தள்ளினான். மழை ஓய்ந்த பிறகு நெத்திலி வந்தது; ஊருக்கெல்லாம் வந்தது.

கப்பித்தான் மெல்லத் தேறியது. மூக்கு உலர்ந்தது. பசி வர இன்னும் நாளானது. ஒருநாள் தனக்கொடி வைத்த செம்பருத்தியை இழுத்துத் தின்றதைப் பார்த்துவிட்டு, கலியபெருமாள் சத்தம் போட்டு அவளைக் கூப்பிட்டான்.

அறுபத்தொன்றில் இன்னொரு கலவரம். கப்பித்தான் தீனியை விட்டது. ஓரிடத்தில் நில்லாமல் வேலியோரம் சுற்றியது. பின்கால்களால் இறுகிய தரையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து விட்டுவிட்டது. திரும்பவும் நோயோ என்று தனக்கொடி பயந்தாள். கலியபெருமாள்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பங்குனி மாசத்துல கரையேறுற பெரிய ஆமை இப்பிடித்தான் தோண்டும்" என்றான். செம்மண்ணும் மணலும் கலந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினான். அன்று மாலையே ஆமை குழி பறித்து, அதற்குள் நாலு வெள்ளை முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடியது.

"கப்பித்தான் முட்டை வச்சிட்டாருடி!" என்று அவன் சிரித்த சிரிப்பில் அஞ்சலாட்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஆணென்று நினைத்திருந்தது பெண். பேரை மட்டும் மாற்றவில்லை.

முட்டைகள் பொரிக்கவில்லை. தனக்கொடி மாதக்கணக்கில் அந்த இடத்தை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் தோண்டிப் பார்த்து, கூழாகிப்போயிருந்ததைக் கண்டு, மண்ணை மூடிவிட்டு எழுந்தாள். "துணை இல்லாம வச்சது, எப்பிடிப் பொரிக்கும்?" என்று தானே சொல்லிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்குள் டாக்டர் தெய்வநாயகம் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் வளர்த்த ஆமைக்கு ஓடு வெள்ளை வெள்ளையாக உரிகிறது என்று ஓர் ஆள், ஆமை வைத்தியம் அவளுக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, தனக்கொடியை விசாரித்துக்கொண்டு வந்தான். எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எப்போதும் ஈரமாயிருக்கும் சிமெண்டுத் தொட்டியில் என்றான். கழுவிக் காயவைத்து, உலர்ந்த மண்ணுக்கு மாற்றச் சொன்னாள். புண்ணாயிருந்தால் மாட்டாஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். வந்தவன் போனதும், அஞ்சலாட்சி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி முருங்கைத் தழையை நீட்டினாள்.

"எங்க மரத்துல ஒடிச்சேன். எங்க வூட்டுக்கு வேண்டியது போக மிச்சம். அதுக்குப் போடுக்கா."

தனக்கொடி வாங்கி, பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, கொல்லைப் பக்கம் போனாள்.