ஒட்டுக்குக் கீழே பறித்த இலை

வடக்குப்பட்டு கிராமத்தில் ஒரே ஒரு மாமரத்தின் பெயரைக் கண்டுபிடிக்கிறேன் என்று எட்டு மாதம் எடுத்துக்கொண்டவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ. மா ரகங்களை டி.என்.ஏ. வைத்து அடையாளம் காணும் ஆய்வில் இருந்தேன். மரத்துக்குச் சொந்தக்கார அக்கா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார். நிலம் கம்பெனிக்குப் போகப்போகிறது, மரமும் போய்விடும். கட்டிக்கொண்டிருந்த புது வீட்டு வாசலில் அதே மாங்காய் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. முன்பு ஒருமுறை, அதே ரகம் என்று நர்சரிக்காரன் சத்தியம் செய்து கொடுத்த கன்று, ஐந்து வருஷம் தண்ணீர் குடித்துவிட்டு வாயில் வைக்க முடியாத புளிப்பாகக் காய்த்ததாம். "பேர மட்டும் சொல்லும்மா, நான் பாத்து வாங்கிக்கிறேன்" என்றார்.

"நாலு குச்சி வெட்டி இப்பவே ஒட்டு கட்டி வெச்சிக்கட்டுமா?" என்றும் கேட்டார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "எதுக்குக்கா? முடிவு வரட்டும். பேர் தெரிஞ்சா நல்ல கன்னாவே கிடைக்கும்" என்றேன்.

ஆய்வுக்குத் தளிர் இலைதான் வேண்டும். மேலே ஏறிப் பறித்துத் தர அக்கா புடவையை இழுத்துச் செருகினார். அடிமரத்திலிருந்து கிளம்பிய ஒரு கிளை, என் இடுப்புயரத்தில் செம்பு நிறத் தளிரோடு நின்றது. "ஒரே மரந்தானேக்கா, எந்த இலையானாலும் ஒண்ணுதான்" என்று அதைப் பறித்து ஐஸ் பெட்டியில் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அக்கா ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்கவும் இல்லை.

அப்புறம் அந்த மாவிலை என்னைப் படுத்திய பாடு! அரைத்தால் பிசின், பிரித்தால் பழுப்பு. மூன்று முறை ஒன்றும் தேறவில்லை. நாலாவது முறை தேறியபோது கரண்ட் போனது. ஒருவழியாக முடிவு வந்தது: எங்களிடம் இருந்த எந்த ரகத்தோடும் பொருந்தவில்லை. "புது ரகம்!" என்று பேராசிரியர் துள்ளிக் குதித்து, ஒட்டு கட்டக் குச்சி வெட்டிவர என்னை விரட்டினார்.

போனால், நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி. மரத்தை வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்த அக்காவிடம் முடிவைச் சொன்னேன்.

"எந்த எலைய வெச்சிப் பாத்தே? அன்னிக்குக் கீழ பறிச்சியே, அதுவா?"

தலையாட்டினேன்.

"ஐய, அது ஒட்டுக்குக் கீழ கெளம்புன நாட்டு மாம்மா. கொட்டையில மொளச்சது. மேல காய்க்கிறது வேற. அதத்தான் சொல்ல வந்தேன், நீ எங்க கேட்டே?"

ஒட்டு மரம் என்றால் இரண்டு மரம்: வேரும் அடியும் ஒன்று, மேலே ஒட்டிக் காய்ப்பது வேறொன்று. இதைப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். எட்டு மாதம் நான் மாரடித்தது வேறொரு மரத்தோடு. அக்காவின் மரத்தில் ஒரு குச்சிகூட மிச்சமில்லை. வெட்டி வைக்க வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான்.

வேலியோரம் அடிமரம் மட்டும் நின்றது. ஒட்டுக்குக் கீழே சுற்றிலும் செம்புத் தளிர் தளதளவென்று விட்டிருந்தது.

"இப்ப எவ்ளோ வேணும்னாலும் பறிச்சிக்கோம்மா" என்றார் அக்கா. "கைக்கு எட்டுற எடத்துலதான் கீது."