எட்டு நிமிட அக்கா

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடம் ஒரே தடத்தில் ஓட்டினாள். ரயில் நிலையத்தில் கிளம்பி, பழைய அரண்மனை வாசலில் திரும்ப வேண்டும். அங்கே எட்டு நிமிடம் நிற்கலாம். ஊர் உலகமெல்லாம் வந்து வாயைப் பிளந்து பார்த்த அந்த அரண்மனைக்குள் அக்கா போனதே இல்லை. எட்டு நிமிடத்தில் டீ குடிப்பாளா, டயரைத் தட்டிப் பார்ப்பாளா, ராஜா தூங்கிய கட்டிலைப் பார்ப்பாளா?

ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய வேன் ஒன்றை வாங்கினாள். உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரை. கோட்டை, குகை, அருவி, காடு என்று தனியாகச் சுற்றப் போகிறாளாம். நான் மருந்துக்கடைக்காரன், எதற்கெடுத்தாலும் பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருடம்தான் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். வானுக்கும் பூமிக்கும் குதித்தேன். கடைசியில் ஓர் உடன்பாடு. தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் வர வேண்டும். ஒருநாள் தவறினாலும் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட வேண்டும்.

"சரிடா. பேச்சு மாற மாட்டேன்," என்றாள்.

பதினோரு நாள் டாணென்று ஆறு மணிக்குப் போன் வந்தது; அவளிடம் கடிகாரம் தோற்றது.

"அருவி பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் இருந்தே?"

"எட்டு நிமிஷம்."

குகைக்கும் எட்டு நிமிடம்தான். கலங்கரை விளக்கத்தில் பாதிப் படியிலேயே திரும்பிவிட்டாளாம். "என்ன பண்றதுடா, கால் தானா வண்டிக்கு வந்துடுது. யாரோ காத்துட்டு இருக்கற மாதிரியே இருக்கு." நானும் என் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பன்னிரண்டாம் நாள் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பிறகு அணைந்தே போனது. அன்று நான் பட்ட பாட்டைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. விடிந்ததும் விடியாததுமாகக் காரை எடுத்தேன். மூன்று மணி நேரத்தில், அவள் போவதாகச் சொன்ன மலைக்கோட்டையின் அடிவாரம் வந்தது.

வேன் பேருந்து நிறுத்தத்தில், கோடு தாண்டாமல் நின்றிருந்தது. அக்கா டயரைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"ஏன்க்கா போன் பண்ணலை?"

"நேத்து கடைசி பஸ் பழுதாயிடுச்சுடா. குழந்தை குட்டியோட இருபது பேர் நிறுத்தத்துல நிக்கறாங்க. என்னைப் பாத்துக் கை காட்டினாங்க. கை காட்டினா நிறுத்தாம போக முடியுமா? டவுனுக்கு மூணு நடை அடிச்சேன். ஸ்டியரிங்கைப் புடிச்சா நான் போனைத் தொட மாட்டேன், உனக்குத் தெரியாதா? முடிச்சுட்டுப் பாத்தா போன் செத்துக் கிடக்கு. சார்ஜர் ஒயரை எந்தப் புள்ளையோ கடிச்சு வெச்சிருக்கு."

நான் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தாள். சாவியை உருவி என் கையில் வைத்தாள். பணிமனையில் அடுத்த ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைக்கிற அதே குரலில், "டீசல் பாதி இருக்கு. இடது பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. ரெண்டாவது கியர் இறுகும், பாத்துப் போடு," என்றாள். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் காரை யார் ஓட்டுவது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இப்படி ஒழுங்காகத் தோற்றால் நான் என்ன செய்வேன்?

"கோட்டையைப் பாத்தியா?"

"எங்கடா பாத்தேன்? வாசல்லயே மூணு தடவை வண்டியைத் திருப்பினேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இறங்குக்கா. போய்ப் பாத்துட்டு வா. வண்டியை நான் பாத்துக்கறேன்."

"நீ காத்துட்டு இருப்பியே?"

"இருக்கேன். மெதுவா வா."

படியேறும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவள் இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மேலே போனாள். எட்டாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்போதும் வரவில்லை. அவள் தாமதமானதற்காக என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்து, பையும் கையுமாக ஒரு பெரியவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இந்த வண்டி எப்பப்பா கிளம்பும்?"

சாவியை அதன் இடத்திலேயே செருகினேன்.

"டிரைவர் கோட்டை பாக்கப் போயிருக்காங்கய்யா. அவங்க வந்தாத்தான் வண்டி."