அரைத்தாடிக்காரர் வீட்டு மின்விசிறி

எங்கள் தெருவில் சலூன் வைத்திருப்பவருக்கு நாலு வருஷமாக 'அரைத்தாடி' என்றே பெயர். வலது கன்னம் மழமழவென்று இருக்கும், இடது பக்கம் புதர். ஊருக்கெல்லாம் சவரம் செய்கிறவரால் அந்தக் கன்னத்தில் கத்தி வைக்க முடியவில்லை. தொட்டால் போதும், மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி வெட்டும். காற்று பட்டாலும் அதே கதிதான். பல்வலி என்று தானே முடிவுகட்டி, நல்ல கடைவாய்ப்பற்கள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் அவர் மனைவிதான் வலி சிகிச்சைப் பிரிவுக்கு இழுத்துப் போனார்.

"பாவம், பல்லு மேல பழியப் போட்டுட்டீங்களே. இது முகத்து நரம்பு" என்றார் டாக்டரம்மா.

மாத்திரையில் பாதி வலி அடங்கியது. மீதிக்கு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கன்னத்தின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, நரம்பைச் சூட்டால் அடக்கினார். "கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். வலி திரும்பி வந்தா மறுபடி செஞ்சுக்கலாம், பயப்படாதீங்க."

மறுவாரம் எனக்கு நுரை தடவிக்கொண்டிருந்தவர், என்ன தோன்றியதோ, கண்ணாடியைப் பார்த்துத் தன் இடது கன்னத்தை மழிக்க ஆரம்பித்தார். முடித்ததும், "அந்தம்மா நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போனார். மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது.

"ஐயோ, காத்து படுமே! நிறுத்துங்க" என்று மனைவி பதறினார்.

"படட்டும். நாலு வருஷம் எனக்காக நீ வெந்தது போதும். வா, இப்படி உக்காரு."

என் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.