திரையில் என் பெயர் பாண்டி

காலையில் வேலைக்குப் போனதும் என்னிடம் முதலில் பேசுவது ஓர் இயந்திரம். நீ யார் என்று கேட்கிறது. கண்ணாடித் திரையில் இரண்டு கட்டங்கள் தெரிகின்றன. ஒன்றில் பிஜு என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மற்றதில் பாண்டி. அந்தப் பாண்டியின் மேல் விரலை வைத்தால்தான் எனக்கு அன்றைய வேலை தொடங்கும். என் பெயர் இசக்கிமுத்து. சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். பதினான்கு வருடமாகத் திருவனந்தபுரத்தில், கரமனை தாண்டி ஒரு பட்டறையில் தகடு வளைக்கிறேன். மின்சாரப் பலகை வைக்கிற இரும்புப் பெட்டிகள்தான் எங்கள் சரக்கு.

இங்கே சாலைக் கடைத்தெருவிலும் ஓட்டல்களிலும் கட்டடங்களிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தமிழனை நேரில் அண்ணாச்சி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கேலியாகப் பாண்டி என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தவரை எனக்கும் அது காதில் விழாத மாதிரி இருந்துவிட முடிந்தது. இந்தப் புது இயந்திரத்தைப் பொருத்த பெங்களூரிலிருந்து வந்த ஆள், இன்னோர் ஆபரேட்டரின் பெயர் என்ன என்று எங்கள் சூப்பர்வைசர் பிஜுவைக் கேட்டிருக்கிறார். பிஜு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போடலாம்.

பழைய பெண்டிங் மெஷினுக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஒரு கைச்சக்கரம், ஒரு மிதி, பக்கவாட்டில் சாக்பீஸால் நான் கிறுக்கிய எண்கள், அவ்வளவுதான். தகட்டை வளைத்துவிட்டு விட்டால் அது கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால் எண்பத்தெட்டு வரை அழுத்த வேண்டும். விட்டதும் இரண்டு திரும்பித் தொண்ணூறில் நிற்கும். எந்தத் தகடு எவ்வளவு திரும்பும் என்பது விளிம்பைத் தொட்டாலே எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் மொழி தெரியாமல் தம்பானூரில் பஸ் இறங்கியவனை இந்த ஊர் ஓர் ஆளாக மதித்ததே இந்த இரண்டு டிகிரிக்காகத்தான். பட்டறையில் எந்தப் பெட்டியின் மூடி சரியாக உட்காராவிட்டாலும், "அண்ணாச்சியெ விளிக்கு" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

புது மெஷின் வந்த அன்று முதலாளி பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து முதல் தகட்டை அவரே வைத்தார். கைச்சக்கரம் இல்லை; எல்லாம் திரையில் தொட்டுத்தான். எத்தனை டிகிரி வேண்டும் என்று கேட்டது. நான் பதினான்கு வருடப் பழக்கத்தில் எண்பத்தெட்டு என்று போட்டேன். வேலை மளமளவென்று ஓடியது. இருபத்தெட்டுக் கதவுகள் வளைத்து அடுக்கினேன். ஒன்றுகூடப் பெட்டியில் பொருந்தவில்லை. தகடு திரும்பும் கணக்கை அந்த மெஷினே பார்த்துக்கொள்ளுமாம். அதுவும் இரண்டு கழித்தது, நானும் இரண்டு கழித்தேன்.

"எந்தா அண்ணாச்சி இது? ஆரு பறஞ்ஞு எண்பத்தெட்டு அடிக்கான்?" என்றார் பிஜு. "கணக்கு மெஷின் நோக்கிக்கோளும். தொண்ணூறு வேணெங்கில் தொண்ணூறு அடிச்சா மதி."

முதலாளி கத்தவில்லை. கதவுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசம் நோக்காம். செரியாயில்லெங்கில் அண்ணாச்சி கிரைண்டிங்கிலேக்கு போட்டே" என்றார். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்கத் தீப்பொறியில் பிசிறு தேய்க்கிற இடம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் அங்கேதான் இருந்தேன். மறுபடி அங்கே போவதென்றால் பதினான்கு வருடமும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

அதன்பிறகு சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இருந்தேன். தொண்ணூறு என்றால் தொண்ணூறு. திரையில் எதைத் தொட்டாலும் கீச்சென்றது. கொஞ்சம் அதிகமாகத் தொட்டால் சிவப்பில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. திருத்தம் செய்கிற பக்கத்துக்குப் போனால் ரகசிய எண் கேட்டது. அது பிஜுவுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன, இன்னைக்கும் மூஞ்சியத் தூக்கிட்டு வந்திருக்கிய?" என்றாள் என் மனைவி செல்வி.

"கைய வீட்டுல வச்சிட்டு விரல மட்டும் கொண்டு போனாப் போதும் போலிருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடையில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பந்தியில் பாயசம் ஊற்ற வந்தவனிடம் போதும் என்பதற்கு "மதி, மதி" என்று சொல்லிவிட்டேன். "மலையாளத்தான் வந்திருக்கான்ல!" என்று மச்சான் சத்தமாகச் சொல்ல, வரிசையே சிரித்தது. மறுநாள் காலையில் பட்டறையில் பாண்டியை அழுத்தி வேலையைத் தொடங்கினேன்.

இரண்டாவது மாதக் கடைசியில் புதுத் தகடு வந்தது. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்துக்கு மறுநாளே பெட்டிகள் போக வேண்டும். விளிம்பைத் தொட்டதும் தெரிந்துவிட்டது, இது வேறு சரக்கு, விறைப்பு. தொண்ணூறு போட்டேன். மெஷின் தன் கணக்குப்படி இரண்டு கழித்தது. தகடோ நான்கு திரும்பித் தொண்ணூற்றிரண்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பிஜு கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் செய்தால் பரிதிக்குப் புறத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே, என்றது. ரகசிய எண் இல்லாமல் திருத்தப் பக்கம் திறக்காது. சும்மா இருந்தால் சரக்கு போகாது. தொண்ணூறே போட்டால் கதவு பொருந்தாது. சாமியைக் கும்பிட்டுவிட்டு எண்பத்தெட்டு போட்டேன். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை; சரியாகத் தொண்ணூறு. ஒவ்வொரு கதவையும் வைத்துப் பார்த்துத்தான் அடுக்கினேன்.

மறுநாள் காலையில் பிஜு மெஷினின் பதிவைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினார். "கண்டோ முதலாளி, பின்னேயும் எண்பத்தெட்டு! பாண்டி எல்லாம் நாசமாக்கி." நான் பக்கத்தில் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. முதலாளி காகிதத்தைப் படித்தார். வரிக்கு வரி பாண்டி, எண்பத்தெட்டு, பாண்டி, எண்பத்தெட்டு. அவர் பார்வை பின்பக்கத் தகரக் கூரைக்குப் போனது.

எனக்கு வந்தது கோபமா பயமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. "முதலாளி, பேப்பர அங்க வைங்க. மட்டத்த வச்சு நோக்குங்க" என்று மூலைமட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கதவு, இரண்டு கதவு, அடியிலிருந்து உருவி ஐந்தாவது கதவு. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எதிலும் வெளிச்சம் இல்லை. பிஜு ஒரு துண்டுத் தகட்டை எடுத்து அவரே தொண்ணூறு போட்டு வளைத்தார். அதுவும் தொண்ணூற்றிரண்டில் நின்றது. தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி மெஷினில் தன்னே நின்னோட்டே" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். கிரைண்டிங் இல்லை.

பிஜு நேர்மையான ஆள், அதையும் சொல்ல வேண்டும். அங்கேயே ரகசிய எண்ணைப் போட்டு உலோகங்களின் பட்டியலைத் திறந்தார். இரும்பு, எவர்சில்வர், அலுமினியம் என்று ஆங்கிலத்தில் இருந்த வரிசைக்குக் கீழே இந்தப் புதுத் தகட்டுக்கு ஓர் இடம் உண்டாக்கி, என் இரண்டு டிகிரியையும் அதில் சேர்த்தார். பெயர் கேட்டது. ஒரு நொடி யோசித்துவிட்டு பாண்டி என்று அடித்தார். "ஓர்மிக்கான் எளுப்பம்" என்று, ஞாபகம் வைக்கச் சுலபம் என்ற அர்த்தத்தில், என் தோளில் தட்டினார். "இனி அண்ணாச்சி லீவெடுத்தாலும் குழப்பமில்லா."

மெச்சித்தான் சொன்னார். சரி சாரே என்றேன்.

போன வாரம் சாயங்கால ஷிஃப்டுக்கு ஆற்றிங்கல்காரர் ஒருவர் சேர்ந்தார். சசி, என் வயதுதான். மெஷினை ஒப்படைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சேட்டா, ஈ பாண்டி ஏது மெட்டலா?"

அது என் கணக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்கு முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். அது அந்தத் திரையில் எங்கேயும் இல்லை.

"இரும்புதான். புதுசா வந்த சரக்குக்கு அத அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினார். தொண்ணூறு என்று போட்டார். மெஷின் இறங்கி ஏறியது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "கிறுகிருத்யம்" என்று, இம்மி பிசகவில்லை என்ற மெச்சலோடு மெஷினைத் தட்டிக்கொடுத்தார். ஈரக் கையோடு நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.